கருப்பு கடைசியில்

நகரத்தில் எலியே இல்லை என்று மேயர் அறிவித்த அன்று, அச்சகத்துக் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு எலி குட்டி போட்டிருந்தது.

மேயர் அதைப் போகிறபோக்கில் சொல்லவில்லை. சாக்கடை உடைந்து தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்று, வீட்டுக்கு வீடு ஆட்கள் காய்ச்சலில் படுத்தபோது, பத்திரிகைக்காரர்களை வரவழைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்துச் சொன்னார்: "எலி இருந்தாத்தானே எலிக்காய்ச்சல்? நம்ம ஊர்ல எலியே கிடையாதே!" அன்றோடு மருத்துவமனையில் அந்த வியாதியின் பெயரை எழுதுவது நின்றுபோனது. ஜனங்கள் வெறும் காய்ச்சலில் சாகத் தொடங்கினார்கள்.

அச்சுக்காரனின் மனைவியும் வெறும் காய்ச்சலில்தான் செத்தாள். படுப்பதற்கு முன் மேயரை வரைந்து முடித்திருந்தாள்.

அச்சகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் கடைக்குப் பின்னால், கார் நிறுத்துவதற்கென்று யாரோ கட்டிய கொட்டகை. கார் ஒருநாளும் வந்ததில்லை. ஒரு நீள மேஜை, ஒரு தண்ணீர்த் தொட்டி, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிக் கொடிகள், அவற்றில் துணி காயப்போட்டதுபோல் கிளிப் மாட்டித் தொங்கும் தாள்கள். அவள் வரைவாள். அவள் தங்கை அந்தப் படத்தை வலைச் சட்டங்களில் ஏற்றுவாள். அவன் அச்சடிப்பான். மாமனார் வாசகம் எழுதுவார். முக்கால்வாசியை மகள்கள் வெட்டியெறிந்த பிறகு மிஞ்சுவது அச்சாகும். ஊரின் சாலைக் குழிகளுக்கு ஒரு சுற்றுலா வரைபடம் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு குழிக்கும் அந்த வட்டாரக் கவுன்சிலரின் பெயர். ஒரு கவுன்சிலர், தன் குழியைச் சின்னதாகக் காட்டிவிட்டார்கள் என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

வேலை இதுதான். மரச்சட்டத்தில் மெல்லிய வலையை இழுத்துக் கட்டியிருக்கும். படத்தில் ஒரு நிறம் எங்கே வர வேண்டுமோ அந்த இடம் மட்டும் வலையில் திறந்திருக்கும், மற்றதெல்லாம் அடைத்திருக்கும். சட்டத்தைத் தாள்மேல் இறக்கி, மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். மஞ்சள், சிவப்பு, நீலம், கடைசியில் கருப்பு. ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது.

அந்தக் காயும் நேரம்தான் ஆபத்து. கொட்டகைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கரண்ட் மீட்டர் பார்க்கிறவர், இடத்துக்காரர், டயர் கடைக்கு வந்து ஒதுங்க மறைவு தேடுகிறவர் என்று யார் வேண்டுமானாலும் தலையை நீட்டலாம். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். விஷமம் முழுவதையும் கருப்பில் வைத்துவிடுவாள். கருப்பு ஏறும்வரை படம் பச்சைப்பிள்ளை. எவன் பார்த்தாலும் "அட, நல்லாயிருக்கே" என்று போய்விடுவான். கருப்பு ஏறியதும் அதே படம் கடிக்கும்.

மேயர் படமும் அப்படித்தான். மஞ்சளில் தலைக்குப் பின்னால் ஒரு வட்டம். சிவப்பில் பூரித்த கன்னமும் உதடும். நீலத்தில் கீழே அலையலையாக, மேகம்போல் ஏதோ. கருப்பு வந்தால் அந்த வட்டம் தூக்கித் திறந்த சாக்கடை மூடி ஆகிவிடும். மேகம் சாக்கடைத் தண்ணீர். கன்னத்தில் மீசைமுடி முளைக்கும், உதட்டுக்குக் கீழே இரண்டு பல் இறங்கும், தோளுக்குப் பின்னாலிருந்து வால் எட்டிப் பார்க்கும். உச்சியில் "எங்கள் நகரில் எலி இல்லை" என்ற வாசகமும் கருப்பில்தான்.

அச்சகத்தின் பெயர் மட்டும் சிவப்பில் இருந்தது. அது மாமனாரின் பிடிவாதம். கருப்பில் போட்டால் இரங்கல் விளம்பரம் மாதிரி இருக்கிறது என்றார். மூத்த மகள் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். இப்போது அவரோடு சண்டை போட யாருக்கும் தெம்பில்லை.

அவள் போன பிறகு அச்சுக்காரன் ஆமாம், இல்லை, சரி என்ற சொற்களை வைத்தே நாளை ஓட்டிக்கொண்டிருந்தான். அவளுடைய கடைசிப் படம் அவள் நினைத்தபடி அச்சாகிச் சுவரேற வேண்டும். அதற்கப்புறம் எது வேண்டுமானாலும் நடக்கட்டும். அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

நீலம் காய்ந்துகொண்டிருந்த மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். மேயரைக் கிண்டலடித்து என்னவோ தயாராகிறது என்று எவனோ போட்டுக்கொடுத்திருந்தான். கான்ஸ்டபிள்கள் புடைசூழக் கதவை உதைத்தார். தாழ்ப்பாள் இல்லாத கதவை அந்த வேகத்தில் உதைத்தால் என்ன ஆகும்? நேராக உள்ளே ஓடிவந்து தண்ணீர்த் தொட்டியில் முட்டி நின்றார்.

"எங்கடா அந்தப் படம்?"

அச்சுக்காரன் மேலே கைகாட்டினான்.

இன்ஸ்பெக்டர் அண்ணாந்தார். கொடிகொடியாக மேயர். தலைக்குப் பின்னால் தங்க வட்டம், கன்னத்தில் ரோஜா, காலடியில் மேகம். இன்ஸ்பெக்டரின் கை தன்னையறியாமல் தொப்பியைச் சரிசெய்தது.

"இதுவா?"

"இதுதான்."

"இதுல என்னய்யா கிண்டல் இருக்கு?"

"இன்னும் முடியல சார்."

"இதுக்கு மேல என்னத்த முடிக்கிறது? சாமி மாதிரி இருக்காரு." இன்ஸ்பெக்டரின் குரல் குழைந்துவிட்டது. "ஏன் தம்பி, முன்னாடியே ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உதைச்சிருக்க மாட்டேனே. கதவைச் சொல்றேன்."

அப்போதுதான் கழுவியெடுத்த கருப்புச் சட்டத்தோடு ஓரமாக நின்றிருந்தாள் மச்சினி. இன்ஸ்பெக்டர் கண் அங்கே போனது.

"அது என்னம்மா கையில?"

"ஜன்னலுக்குக் கொசுவலை சார்."

"நல்லது, நல்லது. கொசு ஜாஸ்திதான்." அவர் கான்ஸ்டபிள்கள் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் கழட்டுங்கய்யா. பதமா! கசங்குச்சு, தொலைச்சுப்புடுவேன். மேயருக்கு நம்ம ஸ்டேஷன் சார்பா அன்பளிப்பு."

"சார், முடியல சார்," என்றான் அச்சுக்காரன் மறுபடியும்.

"அடக்கத்தைப் பாரு!" என்று அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மேயருக்கு அவர் வீட்டுக் கண்ணாடிகூட அவ்வளவு நல்லது செய்ததில்லை போலும். அந்த வாரம் முடிவதற்குள் படம் ஊரெல்லாம் ஏறிவிட்டது. பேருந்தின் முதுகில், தண்ணீர் லாரியின் வயிற்றில், பள்ளிக்கூடச் சுவரில். உடைந்த சாக்கடையைச் சுற்றி நட்ட தடுப்புப் பலகையிலும் ஒன்று. மருத்துவமனைக் காய்ச்சல் வார்டின் கதவில் ஒன்று. அந்த வார்டில்தான் அவள் கிடந்தாள். படத்தின் அடியில் அச்சகத்தின் பெயர், பளிச்சென்று சிவப்பில்.

மச்சினி வந்து சொன்னாள். அச்சுக்காரன் போய்ப் பார்த்தான். ஆள் போய்வருகிற வழியில், அவள் கையால் போட்ட கன்னமும் உதடும் நோயாளிகளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தன. ஒரு நர்ஸ், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஸ்ட்ரெச்சர் வருது" என்றாள். தள்ளி நின்றான்.

ஊரில் எல்லோரும் தோழர் என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார். வாரா வாரம் ஒரு கூட்டம் நடத்துவார். கூட்டத்தில் அவரே பேசுவார். அவர் மறுநாள் கொட்டகைக்கு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.

"உங்ககிட்ட இதை எதிர்பார்க்கல தோழர்."

"படம் இன்னும் முடியல," என்றான் அச்சுக்காரன்.

"எங்களைப் பொறுத்தவரைக்கும் முடிஞ்சுபோச்சு. விலைபோன கலைன்னு ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். காரசாரமா." தோழர் தொண்டையைச் செருமினார். "அதைச் சின்னப் புத்தகமாப் போடணும். வேற எங்கயும் அட்டை நல்லா வராது. நீங்களே போட்டுக்குடுத்தா..."

"உங்களைத் திட்டி நீங்களே அடிச்சுக்கணுமாம் அத்தான்," என்றாள் மச்சினி. "அட்டையில என்ன கலர் வேணும் தோழர்? உங்க முகத்துல இப்ப ஒரு கலர் வருது பாருங்க, அதுவே போட்டுடலாமா?"

தோழர் போனார். அடுத்து வந்தவர் மேயரின் உதவியாளர். காதில் ஒரு போன், கையில் ஒரு போன், பையில் ஒன்று அழுதுகொண்டிருந்தது. நகரத்தின் சிறந்த ஓவியர் விருது இந்தப் படத்துக்குத்தான் என்றார். வரைந்தவரைப் பார்க்க வேண்டும் என்றார்.

"என் மூத்த மக," என்றார் மாமனார், எழுந்து நின்று.

"வரச் சொல்லுங்களேன்."

"செத்துட்டா," என்றான் அச்சுக்காரன்.

"அடடா. என்ன ஆச்சு?"

"காய்ச்சல்."

"என்ன காய்ச்சல்?" உதவியாளரின் முகம் ஒரு கணம் இறுகியது.

"வெறும் காய்ச்சல் சார்," என்றாள் மச்சினி. "நம்ம ஊர்ல வேற என்ன காய்ச்சல் இருக்கு?"

"அதானே." முகம் தளர்ந்தது. "சரி, இருக்கட்டும். இறந்தவங்களுக்குக் குடுத்தா விழா இன்னும் எடுப்பாத்தான் இருக்கும். ரெண்டு சொட்டு கண்ணீர் வரும், போட்டோவுக்கு நல்லது."

"படம் முடியல," என்றான் அச்சுக்காரன். "கருப்பு பாக்கி இருக்கு."

இந்த ஒரு வாக்கியத்தை அவன் இதுவரை எல்லோரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டான். காதில் வாங்கியவர் உதவியாளர் ஒருவர்தான். வாங்கியதும் கண் மின்னியது.

"அப்படின்னா மேடையிலயே முடிங்க! இல்ல, மேயர் கையாலயே முடிக்கட்டும். அடிக்கல் நட்டு நட்டு போட்டோகிராபருக்கே கொட்டாவி வருது. இது புதுசு. கஷ்டமா இருக்குமா?"

"ஒரு இழுப்புதான்."

"அடிச்சது!"

"கருப்பு வந்தா படம் மாறிடும்," என்றான் அச்சுக்காரன். எதையும் மறைப்பதாக அவனுக்கு எண்ணமில்லை. மறைக்கிறதற்கும் ஒரு உற்சாகம் வேண்டும்.

"மாறட்டும்ங்க, பாக்கறவங்க அசந்துபோகணும்."

"அசந்துபோவாங்க."

உதவியாளர் போன பிறகு மாமனார் வெகுநேரம் மேஜை ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க மாமா."

"அவ பேரை மைக்ல சொல்லுவாங்க. ஊரே கேக்கும். கருப்பெல்லாம் எதுக்கு? பேசாம வாங்கிட்டு வந்துடுவோமே."

"அப்பா!" மச்சினி கையிலிருந்த டப்பாவை வைத்த சத்தத்தில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. "அக்காவைக் கொன்னவன் கையாலயா?"

"பேரு நிக்கும்ல, பாப்பா."

"எதுல நிக்கும்? அந்த ஆளு கன்னத்து ரோஸ் கலர்லயா?"

"உனக்கென்ன தெரியும்?" மாமனார் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "நானும் வாழ்நாள் பூரா எழுதினேன். எவனாவது ஒருத்தன் என் பேரை மைக்ல சொல்லியிருக்கானா? எனக்கு வேணாம். அவளுக்காவது..."

அச்சுக்காரன்தான் வாயைத் திறந்தான்.

"மாமா, கருப்பு இல்லாம அவ ஒரு படத்தையும் வெளிய விட்டதில்ல."

மாமனார் மேஜையைத் துடைப்பதை நிறுத்தினார். சுவரைப் பார்த்தபடி, "அந்த வாசகத்துக்குக் கடைசியில ஒரு ஆச்சரியக்குறி போட்டுக்கலாமா?" என்றார்.

"கூடாது," என்றாள் மகள்.

விழாவன்று காலையில் மச்சினி ஒரு பையில் அத்தானுக்கு மாற்றுத் துணியும் பல்துலக்கியும் எடுத்து வைத்தாள். உள்ளே போட்டால் எத்தனை நாள் என்று யாருக்குத் தெரியும்? மாமனார் தனக்கும் ஒரு சட்டையை அதே பையில் திணித்தார்.

நகரமன்றத்து மேடையில் நீள மேஜை. அதன்மேல் உதவியாளர் எடுத்துவந்த, கருப்பு மட்டும் ஏறாத ஒரு தாள், தாளின் மேல் சட்டம். அச்சுக்காரன் மூலைக் குறிகளைப் பார்த்துத் தாளை நகர்த்தி நகர்த்திப் பொருத்தினான். கருப்பு ஒரு நூலளவு விலகினாலும் மீசை மூக்கில் முளைத்துவிடும். உதவியாளர் குனிந்து வலையைப் பார்த்தார். வலையை அடைத்திருந்த பச்சைப் படலத்துக்குள் நூல்நூலாகக் கோடுகள்.

"இதெல்லாம் என்ன?"

"படத்துக்கு உயிர்," என்றான் அச்சுக்காரன்.

உதவியாளர் அதைத் தன் போனில் எழுதிக்கொண்டார். சற்று நேரத்தில் மேயரின் பேச்சில் அது வந்தது. கலைதான் நகரத்துக்கு உயிர், சுகாதாரம்தான் கலைக்கு உயிர் என்று பேசி, கைதட்டல் அடங்கியதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேஜைக்கு வந்தார்.

"எப்படி இழுக்கணும் தம்பி?"

"மேலேர்ந்து கீழ. நடுவுல நிறுத்தக் கூடாது."

"நாம எதையும் நடுவுல நிறுத்தினதே இல்லையே!" என்றார் மேயர் மைக் பக்கம் திரும்பி. ஊரில் பாதியில் நிற்கும் பாலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூட்டம் கைதட்டியது.

மேயர் குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோல் ரப்பர் கட்டையை இழுத்தார்.

"அழுத்தம் பத்தல," என்றான் அச்சுக்காரன். "இன்னொரு தடவை. நல்லா அழுத்தி."

மேயர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். வலையின் மேல் மை ஒரே சீராக ஓடி முடிந்தது. நல்ல இழுப்பு. அச்சுக்காரன் சட்டத்தைத் தூக்கினான். அவள் போட்ட கோடுகள் ஒன்றுவிடாமல் விழுந்திருந்தன.

அதற்குள் "சார் இங்க! சார் இந்தப் பக்கம்!" என்று போட்டோகிராபர்கள் கத்த, மேயர் தாளை வெடுக்கென்று எடுத்தார். பார்க்க நேரமில்லை. முகத்துக்குப் பக்கத்தில் கூட்டத்தின் பக்கம் காட்டிப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தார். தாளிலும் பல் தெரிந்தது.

முன்வரிசை அதிகாரிகள் பழக்கதோஷத்தில் தட்டிய கையை அந்தரத்தில் நிறுத்தினார்கள். பின்வரிசையில் ஒருவர் புரையேறி இருமினார். இருமல் சிரிப்பாகி, சிரிப்பு வரிசை வரிசையாக முன்னேறி வந்தது. ஜனங்கள் இவ்வளவு சந்தோஷப்பட்டு மேயர் பார்த்ததில்லை. இன்னும் உயர்த்திப் பிடித்தார். கீழே உதவியாளர் இரண்டு கையையும் ஆட்டி, இறக்குங்கள் இறக்குங்கள் என்று துடித்தார். திருப்பிக் காட்டச் சொல்கிறான் என்று நினைத்து மேயர் வலப்பக்கம் காட்டினார், இடப்பக்கம் காட்டினார், பால்கனிக்கும் காட்டினார்.

விழாவைத் தொகுத்து வழங்கிய பெண் கையிலிருந்த தாளைவிட்டுக் கண்ணை எடுக்காதவள். "இந்த அற்புதப் படைப்பை வரைந்தவர்..." என்று படித்தாள். அந்த இடத்தில் பெயர் விட்டுப்போயிருந்தது. மைக்கை அச்சுக்காரன் முன்னால் நீட்டினாள்.

அவன் மனைவியின் பெயரைச் சொன்னான். அவள் போன பிறகு அந்தப் பெயரை அவன் வாய்விட்டுச் சொன்னதேயில்லை. இப்போது அது ஒலிபெருக்கியில் புறப்பட்டு, மன்றத்தின் நான்கு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. மாமனார் இருக்கையைவிட்டு எழுந்துவிட்டார்.

பெண் மைக்கை எடுக்கப் போனாள். அவன் விடவில்லை.

"எலிக்காய்ச்சல்ல செத்துப்போனா," என்றான். "எலிக்காய்ச்சல்."

மன்றம் அப்படியே அமர்ந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதி பிடிக்காமல்தான் மேயர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார்.

"இது யாரு?" என்றார் உதவியாளரிடம். மைக் திறந்தே இருந்தது.

அவ்வளவுதான். நகரமன்றத்தின் கூரை பிய்த்துக்கொண்டு போனது.

மேடைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் அவர்களை வளைத்துக்கொண்டார். வியர்வை காதோரம் வழிந்தது.

"யாருய்யா அச்சடிச்சது இதை?"

"மேயர் சார்," என்றாள் மச்சினி.

"விளையாடாதம்மா."

"நான் எங்க விளையாடினேன்? ஊரே பாத்துச்சு. ஒரு தடவை பத்தாதுன்னு இன்னொரு தடவை வேற இழுத்தாரு."

"வரைஞ்சது?"

"எங்கக்கா. அவளைப் பிடிக்க நீங்க ரொம்ப தூரம் போகணும்."

"சரி, அந்த மஞ்சள், சிவப்பு, நீலம்? அதெல்லாம் யாரு கொண்டுவந்து குடுத்தா மேயர்கிட்ட?"

மாமனார் மிக மரியாதையாக, விரலால் இன்ஸ்பெக்டரின் சட்டைப் பையிலிருந்த பெயர்ப்பட்டையைச் சுட்டிக்காட்டினார்.

இன்ஸ்பெக்டர் பெயர்ப்பட்டையைக் கையால் மறைத்தார். மேலிடத்துக்கு எதையாவது பிடித்துக் காட்டியாக வேண்டும். அவர் கண் அச்சுக்காரன் கையிலிருந்த சட்டத்தின் மேல் விழுந்தது. "இதுதான் முக்கியக் குற்றவாளி," என்று பாய்ந்து எடுத்தார். கான்ஸ்டபிளிடம் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தைத் தோளால் இடித்துத் தள்ளி, ஜீப்வரை சுமந்து போனார். "நீயும் ஏறுய்யா!" என்று அச்சுக்காரனைப் பார்த்துக் கத்திவிட்டுச் சட்டத்தைப் பின்னிருக்கையில் இறக்கி வைத்து நிமிர்ந்தார்.

தெரு அவரைப் பார்த்தது. பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள் பார்த்துவிட்டு, வேறெங்கோ பார்க்க முயன்று தோற்றார். வெளிர் நிறச் சீருடையில், பித்தானுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மீசை, நடுவில் பல், தோள்பட்டையில் வால்.

மேயர் இழுத்ததைவிடச் சுத்தமாக விழுந்திருந்தது. அச்சுக்காரன் கிட்டே போய்க் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எங்கும் திட்டுத்திட்டாக இல்லை, எங்கும் விட்டுப்போகவில்லை.

"என்னய்யா பாக்கற?" என்று இன்ஸ்பெக்டர் மார்பைத் தடவப் போனார்.

"கையை வைக்காதீங்க சார்," என்றான் அச்சுக்காரன். "இன்னும் காயல."

சொல்லிவிட்டு, மச்சினியிடம் பையை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான்.